டாக்டரம்மாவுக்கு ஒரு தேங்காய்

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மூத்தவள் சொன்னாள்:

"அந்தத் தலைவலி ஆராய்ச்சியில டாக்டரம்மா எனக்குத் தந்தது மருந்தே இல்லாத மாத்திரை, கேட்டியா."

"பின்னே அந்த டாக்டரம்மாவுக்கு எதுக்கக்கா தேங்கா?"

"அடுத்த ஆராய்ச்சிக்கு அவங்களுக்கு இப்பம் பெரிய கிராண்ட் பணம் கெடச்சிருக்கு. மெடிக்கல் காலேஜ்ல பொன்னாடை போத்தினாங்களாம். பேப்பர்ல போட்டோ பாத்தேன்."

"உங்கள ஏமாத்தினதுக்கா?"

"ஏமாத்தல்ல. பாதிப் பேருக்கு வெறும் மாத்திரைதான்னு மொதல்லயே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாங்க. ரெண்டு வருஷம் வாராவாரம் அவங்களே போன் பண்ணி, 'வலி எப்படி இருக்கு, ராத்திரி உறங்கினீங்களா'ன்னு கேட்டாங்க. வீட்டுல ஒருத்தரும் கேட்டதில்ல."

இளையவள் கையிலிருந்த தேங்காயின் நாரைக் கொஞ்ச நேரம் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"புது ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்காங்களாக்கா?"