இடது ஓரத்தில் ஒரு காலியிடம்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் தூங்குவதில்லை, ஐயா. வயிறு நிறைந்ததும் மற்ற வீடுகளில் தலையணையைத் தேடுவார்கள். எங்கள் வீட்டில் நானும் மச்சானும் ஆளுக்கொரு அணியோடு எதிரெதிரே உட்கார்ந்துவிடுவோம். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி, கால்பந்து கிளப்பில் டிக்கெட் கவுண்டரில் இருப்பவன். நான் அதே கிளப்பில் மைதானத்துப் புல்தரையைப் பார்த்துக்கொள்பவன். அது உங்களுக்கே தெரியும், அதனால்தானே நேற்றே ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள்.

எங்கள் கிளப்புக்கு இத்தனை காலம் ஆடிய ஜாம்பவான்களிலிருந்து ஆளுக்குப் பதினொரு பேரைப் பொறுக்கிக் கனவு அணி கட்டவேண்டும். ஒருவர் ஓர் அணியில்தான் இருக்கலாம். பிறகு இரண்டையும் மோதவிட்டு, வாயாலேயே மேட்ச் ஆடி, யார் ஜெயிப்பார்கள் என்று வாதாடுவோம். தீர்ப்பு என் மனைவியுடையது. தையல் மெஷினை மிதித்தபடியே கேட்டுக்கொண்டிருப்பாள். மெஷின் நின்றால் தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம். தோற்றவன் பாத்திரம் தேய்க்கவேண்டும்.

என் அணி லேசுப்பட்டதில்லை. கோலில் ‘பூட்டு’. அவருக்கு முன்னால் ‘அலமாரி’, அவரைச் சுற்றிக்கொண்டு போவதற்குள் எதிராளிக்கு மூச்சு வாங்கிவிடும். நடுவில் ‘கண்ணாடிக்காரர்’, மூக்குக்கண்ணாடியை ரப்பர் பட்டையால் தலையோடு கட்டிக்கொண்டு ஆடியவர். கழற்றினால் கோல்கம்பம் தெரியாது, மாட்டினால் எதிராளி மனசில் ஓடுவதே தெரியும். முன்னால் ‘தூங்குமூஞ்சி’. ஆட்டம் முழுக்கக் கொட்டாவி விட்டுவிட்டு ஒரே ஒரு தடவை கண்ணைத் திறப்பார், அது கோலில் போய் முடியும்.

இடது ஓரம்தான் ஓட்டை. அந்த இடத்துக்குப் பேர்போன ‘பாம்பை’ மச்சான் ஆரம்பத்திலேயே அள்ளிக்கொண்டான். எனக்கு மிஞ்சியது ‘தபால்காரர்’. பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார், விலாசம்தான் மாறிப்போகும்.

“மாமா, உங்க டீம் வலது பக்கமாவே சாஞ்சு சாஞ்சு ஒருநாள் கவுந்துடப்போவுது” என்பான் மச்சான்.

மெஷின் நிற்கும். “அவன் சொல்றது சரிதாங்க. பாத்திரம் ஊறிட்டிருக்கு” என்பாள் அவள்.

பாத்திரத்துக்காக நான் எதையும் செய்யவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

தும்பி எங்கள் கிளப்புக்கு வந்தபோது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. ஓடுகிற ஓட்டத்தில் சட்டென்று நிற்பான், நின்ற இடத்திலிருந்தே திசை மாறுவான். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். இடது ஓரத்தில் அப்படி ஒருவனை நான் பார்த்ததில்லை. பாம்பெல்லாம் அவனுக்கு முன்னால் புழு. மச்சானே ஒருநாள் வாய்தவறி ஒப்புக்கொண்டான். ஆனால் தும்பியை என் அணியில் சேர்க்க முடியாது. ஓய்வு பெற்றவர்களைத்தான் சேர்க்கலாம், கடைசியாகப் போட்ட ஜெர்சியும் நம்முடையதாக இருக்கவேண்டும். முன்னொரு காலத்தில் மச்சான் ஆடிக்கொண்டிருந்த ஒருவனைச் சேர்த்து, அவன் அடுத்த மாதமே சொதப்பி, வீட்டில் பெரிய ரகளையானதும் என் மனைவி போட்ட சட்டம் அது. நல்ல சட்டம். நான் குறை சொல்லமாட்டேன்.

நான் காத்திருக்கத் தயாராகத்தான் இருந்தேன். பத்து வருஷமோ பன்னிரண்டு வருஷமோ, அவனும் ஆடி முடிப்பான், நானும் இருப்பேன். அப்போதுதான் கவுண்டரில் கேட்ட சேதியை மச்சான் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்தான்.

“தும்பியை வித்துட்டாங்க மாமா. இந்த சீசன் கடைசி மேட்ச்தான் நமக்கு. அப்புறம் அவன் அடுத்தவன் வீட்டுப் பிள்ளை.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். சும்மா சீண்டுவதற்குத்தான், அவன் மனசில் ஒன்றுமில்லை.

நீங்களே யோசித்துப் பாருங்கள். அங்கே போனால் அவனை என்ன செய்வார்கள்? பெஞ்சில் உட்கார வைப்பார்கள். இன்னொரு கிளப்புக்குத் தள்ளுவார்கள். முப்பத்தைந்து வயதில் தொப்பையோடு ஏதோ ஒரு மைதானத்தில் மூச்சிரைக்க நிற்பான், அவன் பேர் தெரியாத ஜனங்கள் கேலி செய்வார்கள். அலமாரிக்கு நம் ஜெர்சியிலேயே அந்தக் கேலி கிடைத்தது, என் கண்ணால் பார்த்தேன். ஒரு மனுஷன் தன் உச்சத்தில் நின்றுவிட்டால் அவனை யாரும் இறக்க முடியாது. இதைத் தும்பியிடம் சொல்லியிருக்கலாம். சின்ன வயசு, புரிந்திருக்காது.

வேலை பெரிதொன்றும் இல்லை. மற்றவர்கள் சாப்பிடப் போன மதிய நேரத்தில், இடது கார்னர் கொடிக்குச் சற்று முன்னால், புல்லைச் சதுரமாக அறுத்துச் சுருட்டி வைத்தேன். அடியில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, மரத்தூளால் நிரப்பிப் புல்லைத் திரும்பப் படுக்கவைத்து, தண்ணீர் தெளித்தேன். தும்பி எங்கே நின்று எங்கே திரும்புவான் என்று அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும், அவன் போட்ட கால்தடத்தையெல்லாம் தட்டிச் சரிசெய்தவன் நான்தானே. வேறு யாராவது மிதித்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. நம்மால் ஒருவருக்குக் கெடுதல் வரக்கூடாது பாருங்கள்.

மேட்ச் அன்று வழக்கம்போல என்னைத் தேடி வந்தான். எந்தப் பெரிய ஆட்டக்காரனும் அப்படி வந்து கேட்டதில்லை.

“அண்ணே, தரை எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குப்பா. தைரியமா ஓடு.”

“நீங்க சொன்னா சரிண்ணே.”

முதல் பாதியிலேயே நடந்துவிட்டது. பந்தோடு வந்தான், நின்றான், திரும்பினான். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. முழங்கால் முறிந்த சத்தம் கேட்டதாகப் பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். எனக்குக் கேட்கவில்லை, நான் அப்போது கைதட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் திரும்பல் அவ்வளவு அழகு.

டாக்டர்கள் கையை விரித்தார்கள். வாங்கவிருந்த கிளப் விலகிக்கொண்டது. நம் கிளப்பில் அவனுக்குப் பிரிவுபசார விழா நடத்தினார்கள். நம் ஜெர்சியில், சக்கர நாற்காலியில் வந்தான். எழுந்து நின்று தட்டாத ஆள் கிடையாது. அலமாரிக்கு அப்படி யார் தட்டினார்கள்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் அணியைச் சொன்னேன். பூட்டில் ஆரம்பித்து ஒவ்வொருவராக வந்து, கடைசியில் இடது ஓரத்துக்குத் தும்பி என்றேன். மச்சான் வாதாடவே இல்லை.

“எந்த இடத்துல மாமா கால் மடங்குச்சு?”

“கார்னர் கொடிக்கு ரெண்டடி இந்தப் பக்கம்” என்றேன்.

“அவ்வளவு கரெக்டாவா?”

தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். மறுநாள் மைதானத்துக்கு வந்து அந்த இடத்தைக் காலால் அழுத்திப் பார்த்தானாம். அதற்குள் நான் மண் போட்டிருந்தேன், ஆனாலும் புதுமண் புதுமண்தான். உங்களிடம் வந்தது அவன்தான் என்பது எனக்குத் தெரியும். வருத்தமில்லை. தோல்வியைத் தாங்குகிற மனசு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அன்றைக்கு என் மனைவியின் மெஷினும் நின்றது. தீர்ப்பு மட்டும் வரவில்லை. என் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, எழுந்துபோய் அவளே எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் அதற்கு அர்த்தம்.

ஆமாம், குழி தோண்டியது நான்தான். தெரிந்தே தோண்டினேன். தும்பியிடமும் இதை மறைக்கவில்லை. இன்று காலை என்னைப் பார்க்க இங்கே வந்திருந்தான். ஊன்றுகோல் இரண்டையும் சுவரில் சாய்த்துவிட்டு, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே நாற்காலியில்தான் உட்கார்ந்தான்.

“ஏண்ணே?” என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். பூட்டு, அலமாரி, கண்ணாடிக்காரர், தூங்குமூஞ்சி இவர்களோடு அவன் பேரும் இனி என்றைக்கும் இருக்கும், யாராலும் அவனை அந்த அணியிலிருந்து எடுக்கமுடியாது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே தலையைக் குனிந்தான். தோள் இரண்டும் குலுங்கின.

பாவம், சந்தோஷத்தில் பிள்ளைக்குப் பேச்சே வரவில்லை.