வாய் திறக்காத காய்

உட்காருங்க சார்ஜென்ட். கேக் எடுத்துக்கோங்க, ரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும். என் வீட்டுக்காரர் லாசெல்ஸோட ஆவியை வழியனுப்புற ஒன்பதாம் ராத்திரிக்குச் சுட்டது, நிறைய மிஞ்சிப்போச்சு.

துக்க வீட்டுல சிரிக்கிறாளேன்னு பார்க்காதீங்க. அழுகையும் தினம் வருது. ஆனா மனசு நிறைஞ்சிருக்கு, பொய் எதுக்கு.

அவரு நல்ல மனுஷர்தான். கால்தான் வீட்டுல தங்காது. டாமினோ ஆட, டான்ஸ் ஆட ஊருக்கெல்லாம் லாசெல்ஸ் வேணும். எனக்கு மட்டும் முதுகு. நாங்க சண்டை போட்டா தெருவே ரேடியோவை அணைச்சிட்டுக் கேட்கும். வாசலைப் பார்த்தே எனக்கு வயசாயிடுச்சு. அந்த ஞாயித்துக்கிழமை பெட்டியோட வந்து நின்னாரு. மாண்டெவில் டவுன்ல ஒருத்தி இருக்காளாம், அவளோட குடித்தனம் போறாராம்.

"அடியே ஐயோனி, மூஞ்சியைத் தூக்காத. அக்கீ சமைச்சுப் போடு, சாப்பிட்டுக் கிளம்புறேன்"னாரு.

"போற இடத்துல சோறு கிடைக்காதா?"ன்னேன்.

"உன் கைப்பக்குவம் அவளுக்கு ஏதுடி"ன்னு சிரிச்சாரு. அந்தச் சிரிப்புக்குத்தான் சார் நான் வாழ்க்கைப்பட்டதே.

அக்கீக்காய் மரத்திலேயே தானா வாய் திறக்கணும். திறக்காதது விஷம்னு ஜமைக்காவுல பேச்சு வராத பிள்ளைக்கும் தெரியும். அன்னிக்கு மரத்துல ஒண்ணுகூடத் திறக்கலை. அவருக்கோ பொறுமை கிடையாது. கத்தியால நானே திறந்தேன். உப்பு மீன், வெங்காயம், மிளகாய் எல்லாம் தாராளமாப் போட்டேன். எனக்குப் பசியில்லைன்னுட்டேன். அவரு தட்டை வழிச்சுச் சாப்பிட்டாரு.

பஸ் பிடிக்கப் போகலை, படுத்துட்டாரு. டாக்டரைக் கூப்பிடுன்னாரு. கூப்பிடலை. நெத்தியில ஈரத்துணி போட்டு, கையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே இருந்தேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து அவ்வளவு நேரம் அவரு என் கையை விடாம இருந்ததே இல்லை.

ஒன்பதாம் ராத்திரி பாட்டும் வறுத்த மீனுமா வீடே களை கட்டிச்சு. ஆவிக்குத் தன் ரூம் அடையாளம் தெரியக்கூடாதுன்னு பக்கத்து வீட்டு பெர்லீன் கட்டிலை இடம் மாத்த வந்தா. விடலை.

"பைத்தியமாடி உனக்கு? செத்தவன் திரும்பி வந்துடுவான்."

"வரட்டுமே. என் புருஷன்தானே."

அவதான் உங்ககிட்ட வத்தி வெச்சிருப்பா. நல்லவதான், வாய்தான் சும்மா இருக்காது.

ஆமா சார், நான்தான் கொன்னேன். எழுதிக்கோங்க. இப்போ அவரு ஒழுங்கா வீட்டுலயே இருக்காரு, எங்களுக்குள்ள ஒரு சண்டை கிடையாது. போகலாம், இதோ வர்றேன். கதவை மட்டும் வெளியே பூட்டிக்கிறேன். நான் இல்லாத நேரம் பார்த்து மாண்டெவில்லுக்குக் கிளம்பிடுவாரு.