மேசை போகாத பள்ளிக்கூடம்

மேசை வாசலில் மாட்டிக்கொண்டது. நான்கு பேர் தள்ளினார்களாம், போகவில்லை. கவிழ்த்துத் தள்ளினார்களாம், போகவில்லை. ஒருக்களித்து, கால்களை முதலில் விட்டுப் பார்த்தார்களாம். இரண்டு கால்கள் உள்ளே போயின. பலகை வெளியே நின்றுவிட்டது.

"இழுங்கடா வெளியே, சுவர் பேந்து வருது" என்றார் நல்லழகு அம்பலம். அவர்தான் ஊருக்குத் தலைவர். மேசை அவர் வீட்டு மேசை. புதுப் பள்ளிக்கூடத்துக்கு என்று அவர் கொடுத்தது.

இழுத்து வெளியே போட்டார்கள். வாத்தியார் தனிஸ்லாஸ் பிரம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். பிள்ளைகள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தன.

"ஏத்தா ராக்கு, இது வாசலா, எலி வளையா?" என்றாராம் அம்பலம்.

சேதுராக்கு வாசலை மேலும் கீழும் பார்த்தாள். அதைக் கட்டினவள் அவள்தான்.

"தப்புத்தான்" என்றாள்.

இது கள்ளியேந்தலில் நடந்தது. எப்போது என்று கேட்டால், கண்மாய்க்குக் கல்மடை வைப்பதற்கு முந்தி என்பார்கள். அதற்கு மேல் சொல்ல ஆள் இல்லை.

சேதுராக்கு ஆட்டுக்காரி. புருஷன் செத்த பிறகும் மந்தையை விற்காமல் தானே ஓட்டினவள். அவளுக்கு ஒரே மகள், பெயர் பூமயில். ஐந்து வயதில் அம்மை போட்டு, உயிர் தங்கியது, காது போயிற்று. அதற்கு முன் பேசிய பேச்சு மட்டும் வாயில் மிச்சம் இருந்தது. எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். வாய் தெரிந்தால் பூமயிலுக்கு எல்லாம் தெரியும். வாய் தெரியாவிட்டால் ஒன்றும் தெரியாது. அப்படித்தான் சொல்வார்கள்.

அப்போது பள்ளிக்கூடம் அம்பலத்தின் மாட்டுக் கொட்டகையில் நடந்தது. நீளமான கொட்டகை. ஒரு கோடியில் வாத்தியார். அவருக்கு முன்னால் அம்பலத்தெருப் பிள்ளைகள் ஒரு வரிசை. அதற்குப் பின்னால் பானை வனையும் வேளார் வீட்டுப் பிள்ளைகள். அதற்கும் பின்னால் ஆட்டுக்காரத் தெரு. கீழத்தெருப் பிள்ளைகள் கொட்டகைக்கு வெளியே, தாழ்வாரத்தில். யார் எங்கே உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையாம். எல்லோரும் சரியாகப் போய் உட்கார்ந்தார்களாம்.

பூமயில் கடைசி வரிசையில் இருந்தாள். அங்கிருந்து பார்த்தால் பின்னந்தலைகள் தெரியும். வாத்தியார் வாய் தெரியாது. அவர் கேட்பார், இவள் சும்மா இருப்பாள். அவர் அடிப்பார், இவள் அப்போதும் சும்மா இருப்பாள். சில மாதம் பார்த்துவிட்டு அவர் தாயைக் கூப்பிட்டார்.

"கூட்டிட்டுப் போயிரும்மா. எனக்கும் அடிச்சுக் கை வலிக்குது. அதுக்கும் ஒண்ணும் ஏறல."

"முன்னாடி உட்கார வைங்கய்யா. உங்க வாயைப் பாத்தா அது சொல்லும்."

"அது என் கையில இல்ல. அம்பலத்தைக் கேளு."

கேட்டாள். அம்பலம் கோபப்படவில்லையாம். சிரித்தாராம்.

"முன்னாடி எங்க பிள்ளைக இருக்கே, ராக்கு. அதுகளை எங்க கொண்டு போக? உன் ஆட்டு மேலயா?"

சேதுராக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக் கொட்டகை விழுந்தது. மாடு ஒன்று செத்தது. அம்பலம் மாடுகளுக்குத்தான் முதலில் கொட்டகை போட்டார். பள்ளிக்கூடம் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். வாத்தியாரும் வேறு ஊர் பார்க்கத் தொடங்கினார். அப்போது ஊர்க் கூட்டத்தில் சேதுராக்கு எழுந்து நின்று, "நான் கட்டுறேன்" என்றாளாம்.

"நீயா?"

"என் அண்ணன் தம்பிக வருவாக. கண்மாய்ல மண்ணு கிடக்கு. பனை எங்க கொல்லையில நிக்குது. ஆனா கட்டி முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்க வந்து இதை இப்படிக் கட்டு, அப்படிக் கட்டுன்னு சொல்லக் கூடாது."

அம்பலத்துக்குச் செலவு இல்லை. சரி என்றார்.

சேதுராக்குக்குத் தெரிந்த கட்டடம் ஒன்றுதான், ஆட்டுப்பட்டி. பட்டி வட்டமாக இருக்கும். அதில் மூலை கிடையாது. மூலை இருந்தால் பலமான ஆடுகள் சேர்ந்து நோஞ்சான் ஆட்டை மூலையில் வைத்து நசுக்கிவிடும். அதனால் அவள் பள்ளிக்கூடத்தையும் வட்டமாகவே எழுப்பினாள். மண் சுவர், நடுவில் பனங்கால், மேலே ஓலை. சுவரோரமாகப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தால் எல்லோருக்கும் எல்லோர் முகமும் தெரியும். அவள் மனத்தில் அவ்வளவுதான் இருந்தது. கீழத்தெருப் பிள்ளைகளைப் பற்றியெல்லாம் அவள் நினைக்கவில்லை. நினைத்தாள் என்று சிலர் சொல்வார்கள். அது பிற்பாடு சேர்த்தது.

ஊரில் கேலி பேசாத ஆள் இல்லை.

"என்ன மதினி, குதிரு கட்டுறீகளா? நெல்லு எங்க?"

"பிள்ளைகளுக்கும் ஆட்டுக்குப் போடுற மாதிரி குழை ஒடிச்சுப் போடுவியா, ராக்கு?"

"போடுவேன். தண்ணியும் காட்டுவேன். உன் மகனை முதல்ல அனுப்பு."

வாசலில்தான் பிசகினாள். பட்டிக்கு வாசல் ஓர் ஆட்டு அகலம்தான் வைப்பார்கள். ஒவ்வொன்றாக வெளியே வந்தால்தான் எண்ண முடியும். அவள் கை பழக்கத்தில் அப்படியே வைத்துவிட்டது. ஒரு ஆள் போகலாம். இரண்டு பேர் சேர்ந்து போக முடியாது. மேசை போகவே முடியாது.

"தப்புத்தான்" என்று அவள் சொன்னதும், அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"தப்புன்னா திருத்திருவோம். வாசல் பக்கத்துச் சுவரை இடிங்க. இடிச்சதுதான் இடிக்கிறோம், நேரா வச்சு எடுத்துக் கட்டுங்க. மேசை ஒரு பக்கம், பிள்ளைக வரிசையா இந்தப் பக்கம். முன்ன இருந்த மாதிரி."

முன்ன இருந்த மாதிரி என்றால் என்ன என்று சேதுராக்குக்குத் தெரியும்.

"அய்யா, ஒரு தடவை என் மகளைக் கேட்டுப் பாருங்க. வாய் தெரியிற இடத்துல வச்சுக் கேளுங்க. சொல்லலைன்னா நானே மம்பட்டி எடுத்து இடிக்கிறேன்."

அம்பலம் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் மேசையைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து அவர் தரையில் உட்கார்ந்து பாடம் சொன்னதில்லை.

"கேட்டுப் பாக்கலாம்" என்றார் வாத்தியார்.

பிள்ளைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. கீழத்தெருப் பிள்ளைகள் வழக்கம்போல வெளியே சுவரை ஒட்டி நின்றுகொண்டன. உள்ளே போன அம்பலத்தின் மகள் உலகாத்தா உட்காராமல் சுற்றிச் சுற்றி வந்தாளாம்.

"அய்யா, முன்னாடி எதுய்யா?"

"எனக்கும் தெரியலத்தா. எங்கிட்டாச்சும் உட்காரு."

வாத்தியார் வாசலுக்குப் பக்கத்தில், வாசலுக்கு முதுகைக் காட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பூமயில் எதிர்ச் சுவரோரம் இருந்தாள். அம்பலம் உள்ளே வந்து நடுக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் சொல்றதைக் கேளுங்க, வாத்தியாரே. முன்கூட்டியே சொல்லிக் குடுத்த கேள்வி வேணாம். எங்க வீட்டு மேசை எங்க இருக்குன்னு கேளுங்க."

வாத்தியார் கேட்டார். பூமயில் பேசவில்லை. மறுபடியும் கேட்டார். பூமயில் பேசவில்லை. வாசலுக்கு வெளியே நின்ற சேதுராக்கு எட்டி எட்டிப் பார்த்தாள்.

"ஆச்சா?" என்றார் அம்பலம். "மம்பட்டியை எடு, ராக்கு."

சேதுராக்கு மண்வெட்டியை எடுத்தாள். சொன்ன சொல் அது.

அப்போது வாத்தியார் பூமயிலைப் பார்த்தாராம். அவள் புருவத்தின் மேல் கையை வைத்து, வெயிலில் தூரத்து ஆளைப் பார்ப்பது போலக் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தாள். வாத்தியார் திரும்பிப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் வாசல். பட்டிக்குக் கூரை கிடையாது, வானமே வெளிச்சம். இங்கே கூரை இருந்தது, ஜன்னல் இல்லை, உள்ளே வரும் வெளிச்சமெல்லாம் அந்த வாசல் வழியாகத்தான். தன் முகம் அவளுக்கு இருட்டாகத் தெரிகிறது என்று அவருக்குப் புரிந்தது.

"ஒரு நிமிஷம் இரும்மா" என்றார் சேதுராக்கிடம்.

எழுந்து பூமயிலிடம் போனார். கையைப் பிடித்து அழைத்து வந்து தன் இடத்தில், வாசலோரம் உட்கார வைத்தார். அவள் இடத்தில் போய் அவர் உட்கார்ந்தார். வாசல் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. வெற்றிலைக் காவி ஏறிய பல் வரைக்கும் தெரிந்ததாம்.

"பூமயிலு, மேசை எங்க இருக்கு?"

பூமயில் தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள், ஈரமாக இருந்தது. அவளுக்குப் பின்னால் சாரல் விழத் தொடங்கியிருந்தது. உள்ளே வேறு யாரும் கவனிக்கவில்லை.

"வெளியே" என்றாள். காது கேளாதவள் குரல், சத்தமாகவே வந்தது. "நனையுது."

அம்பலம் திரும்பிப் பார்த்தார். மேசை நனைந்துகொண்டிருந்தது.

"டேய், தூக்குங்கடா! பாலிஷ் போயிரும், தூக்குங்கடா!" என்று வாசலுக்கு ஓடினாராம். ஆள் கனம். வாசலில் கொஞ்ச நேரம் அவரும் மாட்டிக்கொண்டார் என்பார்கள். ஐயனார் கோயில் கொட்டகை வரைக்கும் மேசையோடு கூடவே ஓடினார். சுவரைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லை. மேசை திரும்பி வரவும் இல்லை.

அந்த மண் சுவர் இப்போது இல்லை. சிமெண்டுக் கட்டடம் வந்துவிட்டது, அகலமான வாசல், நான்கு ஜன்னல். ஆனாலும் கள்ளியேந்தலில் பள்ளிக்கூடத்துக்கு ராக்குப்பட்டி என்றுதான் பெயர். பிள்ளைகள் சுவரோரமாகச் சுற்றித்தான் உட்காரும். புதிதாக வரும் வாத்தியார் ஒரு வாரம் வரிசையாக உட்கார வைத்துப் பார்ப்பார், பிறகு விட்டுவிடுவார். ஊருக்குள்ளும் ஒரு பழக்கம் உண்டு. நல்ல சேதியோ கெட்ட சேதியோ கொண்டு வருகிறவரை வாசலைப் பார்த்து உட்கார வைத்துத்தான் சொல்லச் சொல்வார்கள். வெளியூர்ச் சம்பந்தக்காரர்களுக்கு இது விளங்காது. எதற்கு என்று கேட்டால் சேதுராக்கு கதையைச் சொல்வார்கள்.

மேசை நனைந்த அன்றைக்கு மழை வலுத்தது. வெளியே நின்ற கீழத்தெருப் பிள்ளைகளுக்கு ஒதுங்கத் தாழ்வாரம் இல்லை. வட்டச் சுவருக்கு அவள் தாழ்வாரம் விடவில்லை. வாத்தியார் அவர்களை உள்ளே வரச் சொன்னார். ஒவ்வொன்றாக வந்து, இடைவெளி இருந்த இடத்தில் உட்கார்ந்தன. உலகாத்தா நகர்ந்து இடம் விட்டாள். நகர்ந்து நகர்ந்து பூமயிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள்.

வாத்தியார் எட்டாம் வாய்ப்பாடு கேட்டார். பூமயிலுக்கு எதிர்ப்பக்கத்தில், நனைந்த சட்டையோடு இருந்த கீழத்தெருப் பையன் ஒருவன் சொல்ல ஆரம்பித்தான். அவன் சொல்வது தெரியாமல் பூமயில் வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உலகாத்தா அவள் முழங்காலைத் தட்டினாள். பூமயில் திரும்பினாள். உலகாத்தா அந்தப் பையன் இருந்த பக்கம் முகவாயை நீட்டிக் காட்டினாள்.