எல்லோருக்கும் ஒரே செய்தி

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் நமது நடமாடும் கிளினிக்கின் பணிப்பாளர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, நிஸார் ஹாஜியார் அவர்களே, மழையையும் பாராமல் தெரணியகலைக்கு இறங்கி வந்திருக்கும் தோட்டத்து உறவுகளே, கணவர் டெனிஸ்டனை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கிறேஸ் அக்கா! நீங்கள் மிஸி என்று அழைக்கும் தாதி ஹபீஸா பேசுகிறேன். அழுவதற்கு வீட்டில் நேரம் இருக்கிறது. இங்கே நன்றி சொல்லவே வந்தேன்.

அந்தனி டெனிஸ்டன் யார்? நம் கிளினிக்கின் டெப்லட்டுகளுக்கும் போன்களுக்கும் பொறுப்பாளர். 'பூட்டுக்காரர்' என்று நாங்கள் கேலி செய்த மனிதர்! வீடு வீடாகப் போகும் நம் ஊழியர்கள் நோயாளிகளின் விவரங்களைப் பதிவது அந்த டெப்லட்டுகளில்தான். ஆனால் லயத்து வரிசை வீடுகளில் ஒரு போன் ஒருவருக்கு மட்டுமா சொந்தம்? அப்பாவுடையது, மகளுடையது, அடுத்த வீட்டுக்காரருடையதும்கூட. கள ஊழியர் அம்ராவின் டெப்லட்டில் லயத்துப் பிள்ளைகள் கார்ட்டூன் பார்ப்பதை ஒருநாள் கண்டார் டெனிஸ்டன். திட்டினாரா? இல்லை! கிளினிக் வேலை தவிர வேறெதுவும் அதில் திறக்காதபடி பூட்டினார். மறுவாரம், தன் பழைய போனில் கார்ட்டூன் ஏற்றிக்கொண்டுபோய் அந்தப் பிள்ளைகளிடம் கொடுத்தார்.

ஒருமுறை ஒரு சகோதரியின் பரிசோதனை முடிவு எஸ்எம்எஸ்ஸில் போனது. அவர் தந்திருந்த இலக்கமோ பக்கத்து வீட்டுடையது. விடிந்தபோது பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து வேலைக்கு நின்றவர்கள் வாயிலெல்லாம் அதே பேச்சு. அந்தச் சகோதரி கிளினிக் பக்கம் வருவதையே விட்டார். மருந்து நின்றது. உயிருக்கே ஆபத்தானது.

அந்த ஏற்பாடு டெனிஸ்டன் செய்ததல்ல. ஆனாலும் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. என்னிடம் வந்தார்.

"மிஸி, நல்ல ரிசல்ட்டோ கெட்ட ரிசல்ட்டோ, இனிமே எல்லாருக்கும் ஒரே மெசேஜ்தான் போகணுங்க. 'கிளினிக்குக்கு வாங்க.' அவ்வளவுதான்."

"அவசரமானவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அவசரம்னா நாம போவோங்க. நமக்குக் காலு இல்லையா?"

அவசரமானவர்களைத் தேடிப் போனோம். லயத்து முனையிலேயே அவர் நின்றுகொண்டார். "நீங்க போய்ப் பேசுங்க மிஸி. யாரு எவருன்னு எனக்கு வேணாங்க" என்றார். எல்லோருக்கும் ஒரே செய்தி போனபிறகு, யார் எதற்கு வருகிறார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தச் சகோதரி திரும்பி வந்தார், குணமானார். இன்று இந்த மண்டபத்திலும் இருக்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள்!

பிறகு அம்ரா அவிசாவளை பஸ்ஸில் டெப்லட்டை விட்டுவிட்டு இறங்கிய நாள். டெனிஸ்டன் காரணம் கேட்கவில்லை. கண்டெடுத்தவர் யாரும் படித்துவிடாதபடி, இங்கிருந்தபடியே அதிலிருந்த அத்தனையையும் அழித்தார். கிளினிக்குக்கு இன்னும் அனுப்பாத பதிவுகளும் சேர்ந்து போயின. அம்ரா தேம்பித் தேம்பி அழுதார்.

"அழாதீங்க தங்கச்சி. பதிஞ்சதுதானே போச்சு, ஆளுங்க இருக்காங்கல்ல? வாங்க, திரும்பக் கேட்டுட்டு வருவோம்."

அட்டைக் கடியோடு அம்ராவுடன் மலையேறினார். இப்படி ஒரு மனிதர் நமக்குக் கிடைத்தாரே! அதற்கு எப்படி நன்றி சொல்வது?

உறவுகளே, அவர் இறந்த நாள் முதல் வழியிலும் கடையிலும் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "டெனிஸ்டனுக்கு என்ன நோய் மிஸி?" அன்பினால் கேட்கிறீர்கள், அறிவேன். அவரும் நம்மிடம்தான் மருந்து எடுத்தார். அவருடைய பதிவும் அதே பூட்டுக்குள்தான் இருக்கிறது. அவருடைய போனுக்கும் வந்தது 'கிளினிக்குக்கு வாங்க' என்ற அதே செய்திதான்.

இனி டெப்லட்டுகளின் பொறுப்பை அம்ரா ஏற்கிறார். நாங்கள் அனைவரும் அவருக்குத் துணை நிற்போம் என்று உங்கள் முன் உறுதி கூறுகிறேன். அந்த உறுதியை இப்போதே, இந்த மேடையிலேயே காக்கத் தொடங்குகிறேன்.

டெனிஸ்டனுக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன், கிறேஸ் அக்கா. யாரிடமும் சொல்லமாட்டேன்.