குரல்வளை

முதலாண்டு நர்சிங் மாணவிகளுக்கு உடற்கூறு வகுப்பு என்றாலே கொட்டாவி வரும். என் வகுப்பில் மட்டும் யாரும் தூங்கியதில்லை. படத்தைக் காட்டுவதோடு நான் விடமாட்டேன். "கழுத்துல கை வைங்க. எச்சில் விழுங்குங்க. உள்ள ஒண்ணு மேல ஏறி இறங்குதா? அதான் குரல்வளை" என்பேன். பேச வைப்பது அது. விழுங்கும்போது மூச்சுக்குழாயைக் காப்பதும் அதுதான். அது மேலே ஏறி, மூடி கவிந்தால் சாப்பாடு பின்னால் இருக்கும் உணவுக்குழாய்க்குப் போகும். சரியாக மூடாவிட்டால் முன்னால் இருக்கும் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். இவ்வளவு விளக்குவது, அக்கா எப்படி இறந்தாள் என்று உங்களுக்குப் புரியவேண்டும் என்பதற்காக.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்கா. கல்யாணமே வேண்டாமென்று, துணிக்கடையில் நாள் முழுக்க நின்று, காலில் நரம்பு சுருட்டிக்கொள்ள என்னைப் படிக்கவைத்தாள். அந்த நன்றியை நான் மறந்ததில்லை. மறக்க அவள் விட்டதும் இல்லை. எனக்கு நாற்பத்தாறு வயது. கல்லூரியிலிருந்து கொஞ்சம் தாமதமாக வந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பாள். "எங்கடி போய் ஊர் சுத்திட்டு வர?" போனில் சிரித்தால், "யாரு அது, அவ்ளோ இளிப்பு?" நான் பதில் சொல்ல வாயெடுத்தால் அதையும் அவளே சொல்லி முடிப்பாள். குறையாகச் சொல்லவில்லை. அவள் சுபாவம் அது.

போன மழைக்காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் தளர்ந்தது, பேச்சு போனது, விழுங்குவதும் தடுமாறியது. பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி தர ஒருவர் வீட்டுக்கு வந்தார்.

"தண்ணி மாதிரி ஓடுற எதுவும் கூடாது. பொடி போட்டு கெட்டியாக்கி, கரண்டியில கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. விழுங்குறப்ப மோவாய் நெஞ்சுப்பக்கம் குனியணும்" என்று ஆரம்பித்தவர், நான் யாரென்று தெரிந்ததும் சிரித்துவிட்டார். "மேடம் இருக்கிற வீட்டுல எனக்கென்ன வேலை?"

நான் ஒரு குறையும் வைக்கவில்லை. படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தேன், தலை வாரிவிட்டேன். "பெத்த பொண்ணுகூட இப்படிப் பாக்காது" என்றார், நான் இல்லாத நேரம் துணைக்கு இருந்த பக்கத்து வீட்டம்மா. வீடு அமைதியாக இருந்தது. ஒருநாள் உடன் வேலை பார்ப்பவர்களோடு சினிமாவுக்குப் போய்விட்டு வந்தேன். கதவைத் திறந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த மாதங்களில்தான் அக்காமேல் எனக்கு அவ்வளவு பிரியம் இருந்தது.

பிறகு ஒரு மாலை, நான் வேலையிலிருந்து வந்து நுழையும்போது பயிற்சியாளர் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். "நல்ல சேதி மேடம். பேச்சு வந்துடும்போல. அக்கா, எங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க பாப்போம்."

அக்கா என்னைப் பார்த்தாள். வாயைக் கோணி, மூச்சைத் திரட்டிச் சொன்னாள். "எங்...கடி."

அவர் கைதட்டினார். நானும் தட்டினேன்.

மறுநாள் காலை அவளுக்குத் தண்ணீரை அப்படியே கொடுத்தேன். பொடி தீர்ந்துவிட்டதென்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அலமாரியில் புது டப்பா இருந்தது. அக்கா, பழக்கிக்கொடுத்தபடி மோவாயைத் தாழ்த்தினாள். நான் இரண்டு விரலால் அதை நிமிர்த்தினேன். மென்மையாகத்தான். அவள் இருமவில்லை. பக்கவாதத்தில் சிலருக்குத் தொண்டையில் உணர்ச்சி மரத்துவிடும். தண்ணீர் சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போய்விடும். இதுவும் நான் நடத்தும் பாடம்தான்.

அதன்பிறகு தினமும் காலையில். காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது. "இந்த மாதிரி நோயாளிங்களுக்கு இது சகஜம்மா. நீங்க பாக்காததையா நாங்க பாக்கப்போறோம்?" என்றார் டாக்டர். ஒரு வாரம் மூச்சுக்குத் திணறினாள். பிறகு திணறவில்லை.

கல்லூரியே திரண்டு வந்தது. ஒரு மாணவி என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவளைத் தேற்றினேன். திரும்ப வேலைக்குப் போன அன்று அந்தப் பாடம்தான் நடத்தவேண்டியிருந்தது. கழுத்தில் கை வைக்கச் சொன்னேன். வகுப்பு முழுக்க ஒரே சமயத்தில் எச்சில் விழுங்கியது. என்னால் முடியவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தொண்டையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்கிறார். ஒன்றுமில்லை என்பது எனக்கும் தெரியும். யாரும் தேடி வராமலேயே நான் இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தது அதனால்தான்.

அக்கா எதிர்த்தாளா என்று காலையில் கேட்டீர்கள். இல்லை, பாசத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள் என்று சொன்னேன். அதைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். அவள் இடது கைக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஒன்றைப் பிடிக்கும்போது முன்கையின் உள்பக்கத் தசை இறுகும். தள்ளும்போது மேல்கையின் பின்பக்கத் தசை. அவள் கையில் எது இறுகியது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் அந்தக் கையை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு, அடுத்த கரண்டியை எடுத்தேன்.