முத்திரை உடையாத குப்பிகள்

தண்ணீருக்கு நன்றி. டம்ளரின் விளிம்பில் யாருடைய உதட்டுத் தடமோ இருக்கிறது, பிறகு குடிக்கிறேன். தப்பாக நினைக்க வேண்டாம், சிறு வயதிலிருந்தே எனக்கு இந்தக் குணம் உண்டு.

உறைபெட்டியில் இருந்த எச்சில் குப்பிகளின் முத்திரை ஏன் உடையவே இல்லை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

இரத்தம் என்னை ஒருநாளும் தொந்தரவு செய்ததில்லை. ஊசி வழியாக நேராகக் குழாய்க்குள் வருகிறது, வெளிக்காற்றுகூடப் படுவதில்லை. சுழலும் இயந்திரத்தில் வைத்து எடுத்தால் சிவப்பு கீழே தங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். பார்த்தால் மனது அடங்கும். எச்சில் அப்படியா? வாய்க்குள் ஊறவைத்துச் சேர்த்து, புனல் வழியே வழியவிட வேண்டும். நுரை, கோழை, காலையில் தின்ற ரொட்டியின் துணுக்கு. முதல் நாள் ஒரு குப்பியைத் திறந்தபோது, உறிஞ்சுகுழலின் முனையிலிருந்து ஓர் இழை அறாமல் இழுபட்டு என் மணிக்கட்டில் படிந்தது. கையுறை போட்டிருந்தேன்தான். ஆனாலும் அன்று முழுவதும் என் எச்சிலை விழுங்கவே எனக்குக் குமட்டியது.

இரத்தம் எடுக்கும் அக்கா சிரித்தாள். "உனக்கு ரத்தம்னா ரோஜாப்பூ, எச்சின்னா எமன். நீயெல்லாம் எப்படிடீ குடும்பம் நடத்துற?"

அதன் பிறகு நான் ஒரு குப்பியையும் திறக்கவில்லை.

அப்போது எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு வேலை வந்திருந்தது. வலிப்புக்கு மருந்து சாப்பிடும் குழந்தைகளின் உடம்பில் அந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அடிக்கடி பார்க்க வேண்டும். குறைந்தால் வலிப்பு வரும். கூடினால் தூக்கம், தள்ளாட்டம். இன்னும் கூடினால் மூச்சே அடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் ஊசி குத்தாமல் எச்சிலிலேயே அளந்துவிட முடியுமா என்று தெரிய வேண்டும். அதற்காக ஒரே குழந்தையின் இரத்தத்தையும் எச்சிலையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள்.

இரத்தத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எச்சிலில் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நான் இரத்தத்தை ஒழுங்காக அளந்தேன். எச்சிலுக்கு, அதை மூன்றால் வகுத்து, இங்கே கொஞ்சம் கூட்டி அங்கே கொஞ்சம் குறைத்து எழுதினேன். குப்பிகளை அப்படியே உறைபெட்டியில் அடுக்கினேன். எறிந்திருக்கலாமே என்பீர்கள். எறிவதற்கு முன் திறந்து கிருமிநாசினி ஊற்ற வேண்டும் என்பது விதி. நான் விதியை மீறுகிறவள் இல்லை.

தலைமை டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "என்னம்மா இது, ரெண்டும் ஒட்டிப் பொறந்த பிள்ளைங்க மாதிரி ஒத்துப்போகுது. இனிமே இந்தக் குழந்தைங்களைக் குத்தவே வேண்டாம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

இதை நான் யோசித்திருக்கவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. இரத்தம் வருவது நின்றது. எச்சில் மட்டும் தட்டுத் தட்டாக வந்தது.

இனி வகுப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. எல்லாருக்கும் ஒரே எண் தந்தால் சந்தேகம் வரும். ஆகவே பெரும்பாலோருக்குச் சரியான அளவும், இடையிடையே ஒருவருக்குக் கொஞ்சம் குறைவாகவும் தந்தேன். அதிகம் என்று யாருக்கும் தரவில்லை. அதிகமென்றால் மறுபடியும் துப்பச் சொல்லி அனுப்புவார்கள்.

சிட்டு என் நாத்தனாரின் மகள். எங்கள் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். ஆறு வயது; வலிப்பு உண்டு. வாயோரம் எப்போதும் வடிந்துகொண்டிருக்கும், சட்டையின் மார்பு நனைந்து புளித்து நாறும். "அத்தை, ஒரு முத்தா" என்று ஓடி வருவாள். "அத்தைக்குச் சளிடா, அப்புறம்" என்று உச்சந்தலையைத் தடவி அனுப்புவேன். "இந்த அத்தைக்கு எப்பப் பாத்தாலும் சளி" என்று தன் பொம்மையிடம் அவள் அலுத்துக்கொள்வாள்.

அவளுடைய குப்பியும் வந்தது. பெயரைப் பார்த்தேன், நுரையைப் பார்த்தேன், உள்ளே வைத்தேன். அந்தத் தட்டில் 'குறைவு' அவளுக்கு விழுந்தது. நான் தேர்ந்தெடுக்கவில்லை, வரிசையில் அப்படி வந்தது. டாக்டர் மருந்தைக் கூட்டினார். அடுத்த முறை அவளுக்குச் சரியான அளவு என்று எழுதினேன். அதனால் கூட்டிய மருந்து கூட்டியபடியே நின்றது.

நாத்தனார் ஒருநாள் கீழே இறங்கி வந்தாள். "அண்ணி, பிள்ளை சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடக்குறா. பேச்சும் குழறுது. மருந்து அதிகமாயிடுச்சோ?"

"டெஸ்ட்ல சரியாத்தானே இருக்கு."

"நீங்களே பாத்தீங்களா?"

"நானேதான் பாத்தேன்."

"அப்பச் சரி. நீங்க பாத்தா ஊசிமுனை அளவுகூடப் பிசகாது." அவள் முகம் தெளிந்துவிட்டது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு காலையில் சிட்டு எழுந்திருக்கவில்லை. மருத்துவமனையில் இரத்தம் எடுத்து எங்களுக்கு அனுப்பினார்கள். என் கைக்குத்தான் வந்தது. நல்ல மாதிரி, கொஞ்சமும் சிதையாமல் தெளிவாகப் பிரிந்தது. மருந்து, இருக்க வேண்டியதைப்போல் மூன்று மடங்கு இருந்தது. ஒரு புள்ளிகூட மாற்றாமல் எழுதிக் கொடுத்தேன். என் வேலையில் நேர்மை இல்லை என்று சொல்கிறவர்கள் அந்தத் தாளையும் பார்க்க வேண்டும். அன்று மாலையே அவள் போய்விட்டாள்.

மற்றக் குழந்தைகளின் குப்பிகளை இப்போது திறந்து அளக்கிறார்களாம். பாவம், இரண்டு கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆம், அவளை நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு அவள்மேல் பாசம் இல்லை என்று மட்டும் எழுத வேண்டாம். எல்லாம் முடிந்து, செவிலி அவள் வாயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போன பிறகு, அவள் கேட்டுக்கொண்டே இருந்த முத்தத்தைக் கொடுத்தேன். அவசரமில்லாமல், இரண்டு கன்னத்திலும். துளி ஈரம் இல்லை.