கொசு எடுத்த இரண்டாவது டியூப்

விடிகாலை நாலேமுக்கால் மணி. ஆஸ்பத்திரியின் பின்பக்கப் பாதை... ஆள் அரவம் இல்லை. ஒரு பக்கம் துணி துவைக்கிற கட்டடம், இன்னொரு பக்கம் பூட்டியே கிடக்கிற பழைய பிரசவ வார்டு. நடுவில் ஒரே ஒரு விளக்கு. அதுவும் எரிவதும் அணைவதுமாக...

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஜன்னலைச் சாத்த வேண்டாம். சாத்திய ஜன்னல் தானாகத் திறந்தால் நீங்கள்தான் அலறுவீர்கள். தண்ணீர் குடிக்கிறவர்கள் இப்போதே போய்க் குடித்துவிட்டு வாருங்கள். பாதியில் எழுந்தால் துணைக்கு நான் வரமாட்டேன், சொல்லிவிட்டேன்.

இது என் நண்பனின் சித்தப்பா மகனுக்கு நடந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ரத்தம் எடுக்கிற வேலை அவனுக்கு. எல்லோரும் கொசு என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி இறங்கியதும் தெரியாது, வெளியே வந்ததும் தெரியாது. நோயாளி "ஸ்ஸ்" என்று பல்லைக் கடிப்பதற்குள் அவன் அடுத்த கட்டிலுக்குப் பறந்திருப்பான். அந்தப் பெயரில் அவனுக்குக் கொள்ளைப் பெருமை. யாரது சிரிப்பது? சிரியுங்கள், சிரியுங்கள். எவ்வளவு நேரம் சிரிக்கிறீர்கள் என்று பார்க்கிறேன்.

கையில் ஒரு பழுது சொல்ல முடியாது. முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டினால் ஒரு நிமிஷத்துக்கு மேல் விடமாட்டான். ஸ்பிரிட் தடவினால் ஊதி ஆற்றமாட்டான், தானாகக் காயும்வரை பொறுப்பான். பட்டையை அவிழ்த்த பிறகுதான் ஊசியை உருவுவான். உருவிய ஊசிக்கு மூடி போடுகிற வேலையே கிடையாது, நேராகக் கழிவு ஊசி டப்பாவுக்குள் போய்விடும். எல்லாம் சரி. ஆனால் ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது.

ரத்தம் எடுக்கிறவர்களுக்கு முதல் சட்டம் என்ன தெரியுமா? குத்துவது இல்லை. நோயாளியை அவர் வாயாலேயே பெயர் சொல்லச் சொல்ல வேண்டும். மணிக்கட்டில் கட்டியிருக்கிற பட்டையைப் பார்த்து அதே பெயர்தானா என்று சரிபார்க்க வேண்டும். அப்புறம் ரத்தம். அப்புறம்தான், அந்தக் கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டு டியூப்பில் லேபிள். கொசுவோ லேபிளை எல்லாம் தன் மேஜையிலேயே ஒட்டிவிடுவான். கட்டில் வரிசைப்படி டியூப்பை அடுக்கிக்கொண்டு கிளம்புவான். "நீங்கதானே இவங்க?" என்று அவனே பெயரைப் படிப்பான். அரைத் தூக்கத்தில் இருக்கிறவர்கள் எதற்கு வேண்டுமானாலும் "ஆமா" என்பார்கள். தலைமைச் சிஸ்டர் எத்தனையோ தடவை கத்திப் பார்த்தாள்.

"ஏண்டா, இதுவரைக்கும் எதுவும் ஆகலைங்கிறதுக்காக இனியும் ஆகாதுன்னு உனக்கு யார் சொன்னா?"

"ஆள் மாறாது சிஸ்டர், எனக்குக் கட்டிலெல்லாம் அத்துப்படி" என்று சிரித்துக்கொண்டே நழுவிவிடுவான்.

அன்றைக்கு அவன் கையிலிருந்த தட்டில் அவன் மனைவி பெயர் ஒட்டிய டியூப்பும் இருந்தது.

நிறைமாதம். காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். இதற்கு முன்னால் இரண்டு தடவை உண்டாகித் தங்கவில்லை பாவம். இந்தத் தடவை தங்கியது, ஆனால் நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாசலை அடைத்துக்கொண்டு இருந்தது. கத்தி வைத்தால் ரத்தம் நிறையப் போகும், பொருந்துகிற ரத்தத்தை எடுத்துத் தயாராக வைத்தால்தான் தொடுவேன் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பொருந்துகிறதா என்று பார்க்கத்தான் அந்த டியூப். அவளுக்கு ஊசி என்றாலே நடுக்கம். "என் பொண்டாட்டியை நான்தான் குத்துவேன், வேற ஒருத்தன் தொடக் கூடாது" என்று டியூட்டியை மாற்றி வாங்கியிருந்தான்.

வார்டுக்குள் நுழைந்தான். நீல விளக்கு மட்டும். டெட்டால் வாசனை. மின்விசிறி டக்... டக்... என்று ஏதோ இடித்துக்கொண்டே சுற்றியது. ஜன்னலோரக் கடைசிக் கட்டிலில் அவள் தலையை மூடிப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சலைன் ஒரு கையில் ஏறிக்கொண்டிருந்தது. சலைன் ஏறுகிற கையில் எடுத்தால் ரத்தத்தில் தண்ணீர் கலந்துவிடும். அதனால் மற்றக் கையை மெல்ல வெளியே எடுத்தான்.

"நான்தான்..."

"ம்..."

கட்டின பெண்டாட்டியிடம் போய் உன் பெயர் என்ன என்று யாராவது கேட்பார்களா? அவனும் கேட்கவில்லை. மணிக்கட்டுப் பட்டையையும் பார்க்கவில்லை. அவளுக்கு நரம்பு எப்போதுமே ஒளிந்து விளையாடும். தடவித் தடவிக் கண்டுபிடித்துக் குத்தினான். டியூப் நிறைந்தது. பஞ்சை அழுத்தினான். நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. பிளாஸ்டரை ஒட்டிவிட்டு வெளியே வந்தான்.

நடையில் எதிரே வந்தாள் அவன் மனைவி.

ஆமாம். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி மெதுவாக நடந்து வந்தாள். தலை கலைந்திருந்தது. ஈரத் துணியை மூட்டையாகக் கட்டி மறந்துபோனால் வருமே ஒரு வாடை... அது லேசாக அடித்தது. துவைக்கிற கட்டடம் பக்கத்தில்தானே என்று நினைத்துக்கொண்டான்.

"நீ இங்க எங்க...? அப்ப கட்டில்ல யாரு?"

"ஜன்னல் பக்கம் குளிருதுன்னேன். ராத்திரியே கட்டிலை மாத்திட்டாங்க" என்றாள். "பாத்ரூம் போயிட்டு வரேன்."

கொசுவுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. எவளோ ஒருத்தியின் ரத்தம் தன் பெண்டாட்டி பெயரில்! அப்படியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தலைமைச் சிஸ்டர் கத்தியதெல்லாம் காதில் கேட்டது. முதலில் எடுத்த டியூப்பைப் பக்கத்திலிருந்த சிவப்புப் பை போட்ட குப்பைத் தொட்டியில் போட்டான். உபரி லேபிள் ஒன்று சட்டைப் பையில் இருந்தது, அதை ஒரு காலி டியூப்பில் ஒட்டினான். அங்கேயே பெஞ்சில் அவளை உட்கார வைத்தான்.

இந்தத் தடவை கேட்டான். "உன் பேரைச் சொல்லு."

அவள் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. பெயரைச் சொன்னாள். அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னாள்.

ரப்பர் பட்டையைக் கட்டியதுதான் தாமதம், நரம்பு விரல் தடிமனுக்கு எழுந்து நின்றது. பயத்தில் இருந்தவனுக்கு அது அதிசயமாகவே படவில்லை, நல்லதாய்ப் போயிற்று என்று குத்தினான். ரத்தம் கறுப்பாக, அவசரமே இல்லாமல் வந்தது. ஊசியை உருவிப் பஞ்சை வைத்தான். அழுத்தினான். எடுத்துப் பார்த்தான். பஞ்சு வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு பொட்டுகூட இல்லை.

"போய்ப் படுத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டு ஓடினான். ரத்த வங்கி அந்தப் பின்பக்கப் பாதையின் மறுகோடியில். ஓடும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தானாம். பெஞ்சில் யாரும் இல்லை. வார்டுக் கதவு ஆடவும் இல்லை... அது ஆடினால் கிறீச்சென்று கட்டடம் பூராவும் கேட்கும். நேரமில்லை, போய்விட்டான்.

மற்ற வார்டுகளை முடித்துக்கொண்டு டீ குடிக்க உட்கார்ந்தபோது போன் வந்தது. ரத்த வங்கியில் இருக்கிற அக்கா. வழக்கமாக வாயாடி. அன்றைக்குக் குரலே இறங்கியிருந்தது.

"தம்பி, யார் கையில எடுத்தே இதை?"

"என் வீட்டுக்காரிக்குத்தான்கா. ஏன்?"

"பழைய கார்டுல ஓ குரூப்புனு இருக்கு. உன் டியூப்புல ஏ வருது. ரெண்டு தரம் போட்டுப் பாத்துட்டேன். கார்டு மட்டும் கையில இல்லேன்னா ஏ ரத்தத்தைத் தியேட்டருக்கு அனுப்பியிருப்பேன்டா. ஏத்தின கொஞ்ச நேரத்துல உன் பொண்டாட்டி... ஓடு. மறுபடி எடுத்துட்டு வா."

டீக் கிளாஸ் எங்கே விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. ஓடினான். வார்டுக்குள் ஒவ்வொரு கட்டிலாகப் போர்வையை விலக்கிப் பார்த்தான். நாலு பேர் திட்டினார்கள். எங்கேயும் அவள் இல்லை. கடைசியில் ஜன்னலோரக் கட்டில்... அதே போர்வை, அதே சலைன். விலக்கினான். அவன் மனைவிதான். முழங்கை மடிப்பில் அவன் ஒட்டிய பிளாஸ்டர், அதற்கு அடியில் பஞ்சில் காய்ந்துபோன சிவப்புப் பொட்டு.

"கட்டிலை மாத்தினாங்களா?"

"யாரு மாத்தினா? நேத்துலேருந்து இதே கட்டில்தானே."

"நீ எழுந்து பாத்ரூம் போனியா?"

"என்னங்க பேசறீங்க? எழுந்திருக்கவே கூடாதுன்னு சலைனைப் போட்டு, மூத்திரத்துக்கு டியூப்பைச் சொருகி வச்சிருக்காங்க. நான் எங்க போறது?" என்றவள் அவன் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "ஏங்க... குழந்தைக்கு ஏதாவதா?"

புரிந்ததா உங்களுக்கு? நல்ல டியூப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, மற்றதைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். கட்டிலில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், போர்வையை விலக்கிப் பட்டையை ஒரு தடவை பார்த்திருந்தால், நடையில் வந்தவளிடம் ஏமாந்திருப்பானா?

"ஒண்ணுமில்லம்மா" என்றான். "உன் பேர் என்ன? உன் வாயால சொல்லு."

சொன்னாள். பட்டையைப் படித்தான். இன்னொரு தடவை படித்தான். குத்தும்போது அவள் "அம்மாடி" என்று கத்திவிட்டாள், இவனிடம் யாரும் அப்படிக் கத்தியதே இல்லை. லேபிளைக் கட்டில் பக்கத்திலேயே நின்று, அவள் கண்ணெதிரே ஒட்டினான். இந்தத் தடவை ஓ. கார்டோடு பொருந்தியது.

ஆபரேஷன் நடந்தது. டாக்டரம்மா சொன்னபடியே ரத்தம் குடம் குடமாகப் போயிற்று. ஏற்ற ஏற்றப் போயிற்று. வாசலில் கொசு சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். தப்பு என்னுடையது, அவளை விட்டுவிடு, என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் டாக்டரம்மா முகக்கவசத்தை இறக்கிவிட்டு வெளியே வந்தாள்.

"பையன். ரெண்டு பேரும் பிழைச்சாங்க. அம்மா மயக்கத்துல இருக்கா, தெளிய சாயங்காலம் ஆகும். நீ போய்க் குழந்தையைப் பாரு."

அப்பாடா என்று மூச்சு விடுகிறீர்களா? அவனும் அப்படித்தான் விட்டான். முதலில் கண்ணாடி வழியாக மனைவியைப் பார்த்தான். மூக்கில் குழாய், இரண்டு கையிலும் ஊசி, கண் மூடியிருந்தது. மானிட்டர் பீப்... பீப்... என்று ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடியில் குழந்தைகள் அறைக்குப் போனான்.

பளிச்சென்று பகல் வெளிச்சம். அங்கே இருந்த சிஸ்டர் புதியவள், இவனை அறியாதவள். தொட்டிலைக் காட்டினாள். பையன் துணிக்குள் சுருண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அப்படியே இவன் மூக்கு.

"அழுதானா சிஸ்டர்? பசிக்குமே, அவ மயக்கத்துல இருக்கா..."

"ஏன் அழறான்? இப்பத்தானே அவங்க அம்மா வந்து பால் குடுத்துட்டுப் போனாங்க." அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "சும்மா தூக்கிக் குடுத்துடலை அண்ணே. வாயால பேரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் குடுத்தேன். அப்பா பேரோட சொன்னாங்க."

அவன் தொட்டிலுக்குள் குனிந்தான். குழந்தையின் கடைவாயில் பால் ஒரு கோடாக வழிந்திருந்தது. விரலால் துடைத்தான். ஐஸ் தண்ணீரைத் தொட்டதுபோல் விரல் விறைத்தது.

குழந்தை தூக்கத்திலேயே உதட்டைச் சப்பிக்கொண்டு, தலையைத் திருப்பித் திருப்பி இன்னும் தேடியது.